காற்றில்லாத அறையில் சுற்றிய காற்றாடி

சென்ற வாரம் உங்களில் இருவர் எனக்குப் போன் செய்தீர்கள். அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளை வைத்துச் சின்னதாக ஒரு காற்றாலை செய்யப் போகிறோம், இறக்கையை எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்த மோட்டார் நல்லது என்று கேட்டீர்கள். பழைய பிரிண்டரின் மோட்டார் நன்றாக வேலை செய்யும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் பார்த்துச் செய்துவிடுவாள்.

ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோரு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் ஒரு காற்றாலையைப் பற்றி இதுவரை ஸ்டாஃப் ரூமில்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஆய்வகச் சாவி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பெங்களூரில் நீலசந்திராவுக்கும் ஆஸ்டின் டவுனுக்கும் நடுவில் இருந்த பெண்கள் பள்ளி அது. ஆய்வகம் பின்கட்டில், தரைத்தளத்தில். அதை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம். உள்ளே போக ஆய்வகத்திலிருந்து ஒரு கதவு. ஒரே ஒரு ஜன்னல், அதையும் எப்போதோ ஆணி அடித்து மூடிவிட்டார்கள். மின்விசிறி கிடையாது. உடைந்த தராசு, கிழிந்த வரைபடம், பின் சுவரோடு ஒரு பெரிய இரும்பு பீரோ. கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகள் தங்கள் மாதிரிகளை அந்த அறையில் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ரோஸ்லின் என்று ஒரு பெண். அம்மா ஏதோ ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். வகுப்பில் கை தூக்க மாட்டாள், ஆனால் கேட்டால் சரியாகச் சொல்வாள். அவளும் தோழி தபசும் என்பவளும் சேர்ந்து காற்றாலை செய்தார்கள். பிவிசி குழாயை வெட்டி மூன்று இறக்கை, பிரிண்டர் மோட்டார், முழங்கால் உயரம்கூட இல்லாத மரத்தாங்கி, அதில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு. டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்தால் விளக்கு எரியும். சாதாரண மாதிரிதான். மேஜையெல்லாம் நிரம்பிவிட்டதால் அதை பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பிரேயர் முடிந்து நான் ஸ்டோர் ரூமைத் திறந்தேன். விளக்கு போடுவதற்கு முன்பே உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை. யாரோ விரலால் தள்ளிவிட்டுப் போனதுபோல, ஆனால் நிற்காமல். நான் ஸ்விட்சின்மேல் கையை வைத்தபடி நின்றேன். இரண்டு நாளாகப் பூட்டிக்கிடந்த அறை. மூச்சு விட்டால் எனக்கே கேட்கும் அளவுக்கு அமைதி. இறக்கை மரத்தாங்கியில் லேசாக உரசி 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. பிறகு மெதுவாகி நின்றது. சிவப்பு அணைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி அசைந்தது. இந்த முறை எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. விளக்கு எரியவில்லை.

எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் எரியாது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமே கதை பரவிவிட்டது. பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டோர் ரூமில் ஏதோ இருக்கிறது, அது ஊதுகிறது என்று எட்டாம் வகுப்பில் ஒருத்தி அழுதாள். தபசும் அந்த அறைக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அட்டெண்டர் லூர்து விஷயமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சில மாதங்களாக ஸ்டோர் ரூம் வாசலோடு நின்றுவிடுவார். எதையாவது எடுக்கச் சொன்னால் யாராவது ஒரு பெண்ணிடம் சொல்லி எடுத்துத் தருவார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர், சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தவர். "பூமிக்கு அடியில போனவருக்கு ஒரு ரூமுக்குள்ள போகப் பயமா லூர்து?" என்று நான் மற்ற டீச்சர்கள் முன்னால் கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அறிவியல் டீச்சர் எப்படிப் பயப்படலாம்? அதனால் ஒரு விளக்கத்தை அவசர அவசரமாகத் தேடினேன். கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தாங்கிக்குள் பேட்டரி ஒளித்துவைத்திருக்கிறார்கள். பரிசுக்காகச் செய்கிற தில்லுமுல்லு. அவ்வளவுதான்.

வகுப்பு நடுவில் ரோஸ்லினைக் கூப்பிட்டேன். காற்றாலையை மேஜைமேல் வைத்து, "பிரி" என்றேன். ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மோட்டார், இரண்டு ஒயர், விளக்கு. வேறெதுவும் இல்லை.

"பேட்டரிய எப்ப எடுத்த?"

"பேட்டரி இல்ல மிஸ்."

"அப்பறம் எப்படிச் சுத்துச்சு?"

"தெரியல மிஸ். ஆனா சுத்துச்சு. சில நேரம் ரிவர்ஸ்ல கூட."

"சயின்ஸ்ல பொய் சொன்னா அதுக்கு மன்னிப்பே கிடையாது, தெரியுமா?"

அவள் அழவில்லை. ஸ்க்ரூக்களைக் கைக்குட்டையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு சோதனையும் செய்தேன். அதை மறைக்கக் கூடாது. அவள் மறுபடி பொருத்திய காற்றாலையைப் பழைய இடத்திலேயே வைத்து, கால் மணி நேரம் ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அது அசையவில்லை. பார்த்தாயா, நிரூபித்துவிட்டேன் என்று எழுந்தேன். ஒரே ஒரு முறை பார்த்து, அப்போது நடக்கவில்லை என்பதால் எப்போதுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டினேன். பத்தாம் வகுப்புப் பெண் அப்படி ரெக்கார்ட் நோட்டில் எழுதியிருந்தால் அடித்துத் திருத்தியிருப்பேன். கண்காட்சிப் பட்டியலில் ரோஸ்லின், தபசும் பெயர்களை அடித்துவிட்டேன். பேய்க்கதை அதோடு அடங்கியதாக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன், கவனித்தும் தள்ளிவிட்டேன். கணுக்காலில் சில்லென்று இருந்தது. செப்டம்பர் மத்தியான வெயிலில், மூடிய அறையில், கணுக்காலில் மட்டும்.

கண்காட்சி அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆய்வகத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல், அவர்கள் பெற்றோர் சிலர், கல்வித்துறையிலிருந்து ஒரு அதிகாரி சீஃப் கெஸ்டாக. ஹெட்மிஸ்ட்ரஸ் பட்டுப்புடவையில் அவரை மேஜை மேஜையாக அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். யாரோ என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். ரோஸ்லின்.

"மிஸ், ஒரு நிமிஷம் வாங்க."

"இப்ப வேண்டாம்."

"மிஸ், ப்ளீஸ். இன்னிக்கு நிக்கவே இல்ல அது."

எரிச்சலோடுதான் போனேன். கதவைத் திறந்ததும் எரிச்சல் போய்விட்டது.

இறக்கைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளை வட்டம்தான் தெரிந்தது. சிவப்பு விளக்கு அது வரை பார்க்காத வெளிச்சத்தில் எரிந்தது. பீரோமேல் இருந்த பழைய விடைத்தாள்கள் ஒவ்வொன்றாக எழும்பி விழுந்துகொண்டிருந்தன. அறை முழுக்க ஒரு சத்தம். காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி, ஆனால் அதைவிடக் கனமாக. காதில் கேட்டதைவிட நெஞ்சில்தான் அதை அதிகம் உணர்ந்தேன். ஆணி அடித்த ஜன்னல் அப்படியே மூடியிருந்தது.

ரோஸ்லின் ஒரு நோட்டை நீட்டினாள். இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் 'வெளியே', இன்னொன்றில் 'உள்ளே' என்று எழுதியிருந்தாள். தேதி, நேரம், ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று. "விளக்கு எரிஞ்சா வெளிய ஊதுது மிஸ். எரியலன்னா உள்ள இழுக்குது. மழை பெஞ்ச அன்னைக்கு வெளிய. அடுத்த நாள் உள்ள. இன்னிக்கு மழையே இல்ல, ஆனா இவ்ளோ ஜாஸ்தி எப்பவும் வந்ததில்ல."

"எங்கேருந்து ஊதுது?"

அவள் பீரோவைக் காட்டினாள். இருவரும் சேர்ந்து தள்ளினோம். ஒரு அடி நகர்ந்தது. பின்னால், சுவர் தரையைத் தொடும் இடத்தில், கையகலத்துக்கு ஒரு பழைய குழாய் வாய். ஒரு காலத்தில் அங்கே கை கழுவும் தொட்டி இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் கையை வைத்தேன். ஈரமான, குளிர்ந்த காற்று உள்ளங்கையைத் தள்ளியது. சேற்று நாற்றம், சாக்கடை நாற்றம்.

"லூர்து!" என்று கத்தினேன்.

அவர் வந்து வழக்கம்போல வாசலோடு நின்றார். சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"காத்து எந்தப் பக்கம் மிஸ்? உள்ள இஸ்க்குதா, வெளிய தள்ளுதா?"

"வெளிய தள்ளுது."

"அப்போ அடியில இன்னாவோ வந்துகினு இருக்குது மிஸ், காத்தத் தள்ளிகினு. பசங்கள வெளிய இட்னு போயிடுங்க. மொதல்ல போங்க. யோசனையெல்லாம் அப்பறம் பண்ணிக்கலாம்."

"அடியில என்ன இருக்கு?"

"எனுக்கு இன்னா தெரியும்? கால் வச்சா தரை காலியா சத்தம் போடுது. அது தெரியும்."

இங்கேதான் உங்களை நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். என் கையில் என்ன இருந்தது? ஒரு பெண்ணின் நோட்டு, ஒரு விளையாட்டு மோட்டார், ஒரு அட்டெண்டரின் பேச்சு. வெளியே வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்க் காதோடு சொன்னேன், எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும் என்று.

"ஏனு மிஸ் இது?" என்றார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "ஒரு ஃபேன் சுத்துதுன்னு எக்ஸிபிஷன நிறுத்துவீங்களா? சீஃப் கெஸ்ட் இருக்கும்போது? நீங்கதானே அந்தப் பொண்ணு சீட்டிங் பண்றான்னு சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன்.

அவர் திரும்பிச் சிரித்த முகத்தோடு அதிகாரியிடம் போனார். தரையில் என் செருப்புக்கு அடியில் ஒரு அதிர்வு வந்தது. எனக்கு மட்டும்தானா என்று சுற்றிலும் பார்த்தேன். கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று லேசாகத் தட்டிக்கொண்டிருந்தன. யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

நான் பொய் சொன்னேன். என் வேலைக் காலத்தில் வகுப்பறையில் சொன்ன மிகப் பெரிய பொய்.

"கேஸ் லீக்!" என்று கத்தினேன். "கேஸ் வாசனை வருது! யாரும் எந்த ஸ்விட்சும் தொடாதீங்க! எல்லாரும் கிரவுண்டுக்கு!"

உண்மையைச் சொல்லியிருந்தால் நின்று கேள்வி கேட்டிருப்பார்கள். பொய்க்கு ஓடினார்கள். அதிகாரிதான் முதலில் ஓடினார். லூர்து வாசலில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளைத் தட்டி வெளியே தள்ளினார். ரோஸ்லின் காற்றாலையை எடுக்கத் திரும்பினாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கிரவுண்டில் வரிசை நிறுத்தி எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

அதைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம். வெயிலில் பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு சீனியர் டீச்சரை அனுப்பிக் கேஸ் குழாயைப் பார்க்கச் சொன்னார். அவர் வாசலில் இருந்தே மோந்து பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லையே" என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் என் அருகில் வந்து, மெதுவாக, "ஆயிதா? முடிஞ்சுதா? இப்ப உள்ள போலாமா?" என்றார்.

பைத்தியக்காரி ஆகிவிட்டேன் என்று எனக்கே தோன்றியது. சரி என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அங்கே லூர்து ஆய்வகக் கதவுக்குக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து, "இன்னும் அஞ்சு நிமிஷம் மேடம்" என்றேன். "அதுக்கப்பறம் என் மேல என்ன ரிப்போர்ட் வேணும்னாலும் எழுதுங்க."

ஐந்து நிமிடம் ஆகவில்லை. லூர்து திடீரென்று எழுந்து பெஞ்சைவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் முறிவதுபோல ஒரு சத்தம். அப்புறம் கண்ணாடிகள் உடைகிற சத்தம், நீண்ட நேரம். கடைசியில் தண்ணீர்ச் சத்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஆய்வகத்தின் நடுத்தரை இல்லை. ஸ்டோர் ரூமும் பாதி இல்லை. இரண்டு மேஜைகள் குழிக்குள் தலைகீழாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் சுழன்று ஓடியது. யூனிஃபார்ம் ரிப்பன் மாதிரி வெள்ளையாக ஒன்று அதில் மிதந்து போவதைப் பார்த்து ஒரு தாய் அலறினாள். அது சார்ட் பேப்பரில் ஒட்டியிருந்த ரிப்பன்தான். நான் மூன்றாவது முறையாகப் பிள்ளைகளை எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள்.

சில கிலோமீட்டர் தள்ளி, மெஜஸ்டிக் பக்கம் இரண்டு மணியிலிருந்து பேய்மழை என்று பிறகு தெரிந்தது. எங்கள் தலைக்குமேல் ஒரு துளி விழவில்லை. இந்த ஊரில் அது சகஜம்தானே. பின்னால் வந்த என்ஜினியர்கள், கட்டடத்துக்கு அடியில் கல்லால் மூடிய பழைய மழைநீர்க் கால்வாய் ஒன்று போகிறது என்றார்கள். எந்த வரைபடத்திலும் அது இல்லை. மேட்டுப் பகுதியில் மழை பெய்தால் வெள்ளம் அதற்குள் வரும். வருகிற வெள்ளம் முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும். வெள்ளம் வடிந்தால் காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்றுக்கு இருந்த ஒரே வழி பீரோவுக்குப் பின்னால் இருந்த குழாய். கால்வாயின் கல்கூரை பல வருடமாக அரித்துக்கொண்டே வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் லூர்துவிடம் கேட்டேன். "தரை காலியாச் சத்தம் போடுதுன்னு ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டாங்க மிஸ்?" என்றார். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "பயந்துகினு இருக்கான்னு சிரிச்சீங்க. சரி, சிரிக்கட்டும்னு வுட்டுட்டேன். தப்புதான்."

அவர் தப்பை அவர் ஒப்புக்கொண்டார். என் தப்பு அவருடையதைவிடப் பெரியது. அது எவ்வளவு பெரியது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பொருட்களைப் பார்த்துப் பட்டியல் எடுக்க நான் போயிருந்தேன். ரோஸ்லின் தன் அம்மாவோடு கேட்டருகில் நின்றிருந்தாள். அம்மாவுக்கு இடத்தைப் பார்க்க வேண்டுமாம். கயிறு கட்டியிருந்த எல்லை வரை அழைத்துப் போனேன். முந்தின நாளிலிருந்து யோசித்து வைத்திருந்ததை அங்கேயே சொன்னேன். அம்மா முன்னால், பொய் சொன்னாய் என்று நான் சொன்னது தவறு என்று. திங்கட்கிழமை வகுப்பு முன்னாலும் சொல்வேன் என்றேன். ரோஸ்லின் தலையை ஆட்டினாள். அம்மா கயிற்றுக்கு அப்பால் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன். "நோட்டுல அவ்ளோ ரீடிங் எப்பம்மா எடுத்த?"

"லஞ்ச் பெல்லுல மிஸ்."

"யாரோட?"

"நான் மட்டுந்தான். தபசும் வரமாட்டேன்னுட்டா. நீங்க நம்பலயே மிஸ், அதான் ப்ரூஃப் வேணும்னு தெனமும் போயி உக்காந்தேன். டிஃபன் பாக்ஸ் எடுத்துனு போயிடுவேன்."

நோட்டை என் கைப்பையில்தான் வைத்திருந்தேன். எடுத்துப் பக்கங்களைப் புரட்டினேன். பத்தொன்பது நாள். நான் அவளைக் காற்றாலையைப் பிரிக்கச் சொன்ன நாளுக்கு மறுநாளிலிருந்து, ஒரு நாள் விடாமல்.

"தரையில காத வெச்சுப் படுத்தா சத்தம் கேக்கும் மிஸ்," என்றாள். "கீழ யாரோ பெரிய ஆளு தூங்கற மாதிரி. சில நாள் நானே அப்படியே தூங்கிடுவேன்."

பிள்ளைகளை நம்புங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். நான் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் பொய்யும் சொல்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும். நான் சொல்வது இதுதான். உங்கள் பயத்தை மறைக்க ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினால், அவள் அதோடு விட்டுவிடுவாள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போகப் பயந்த இடத்துக்கு அவள் தனியாகப் போவாள், உங்களுக்கு நிரூபிப்பதற்காக.

"எந்த இடத்துல படுப்ப?" என்று அவள் அம்மா கேட்டார். அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

ரோஸ்லின் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தோம். அங்கே தரை இல்லை. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.